மிட்டாதார் சிலையும் அதன் மூன்று நகல்களும்

அந்த மூஞ்சியை நான் நான்கு இடத்தில் பார்த்திருக்கிறேன். நான்கு இடத்திலும் எனக்குக் குமட்டியது. அந்தச் சிலைகளின் வரலாற்றை எழுதியவன் நான்தான் என்பதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படியான காரியமா அது?

யுத்தம் நடந்த காலம். மொரப்பூர் ரயிலடியிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளியிருந்த ஊரில் நான் ஜில்லா போர்டு பள்ளிக்கூட வாத்தியார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கல்யாண வாழ்த்து, உபசாரப் பத்திரம் எது கேட்டாலும் எதுகை மோனையோடு எழுதிக் கொடுப்பேன். நாலு பேர் 'ஆஹா' என்றதும் தலைகால் புரியவில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கொண்டுபோய் மிட்டாதார் வீட்டு வாசலில் நிறுத்தியது.

மிட்டாதார் என்றால் சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு பத்துப் பன்னிரண்டு ஊரை அடக்கி ஆண்டவர். பெரியவரை அவர் உயிரோடு இருந்தபோதே நான் பார்த்திருக்கிறேன். தொங்கின தொந்தி, கடைவாயில் வழியும் வெற்றிலைச் சாறு. எதிர்த்துப் பேசியவனைக் குனியவைத்து முதுகில் கல்லை ஏற்றி வெயிலில் நிறுத்துவார். தான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் செத்ததும் மகன் வீட்டுக்கு முன்னால் சிலை வைத்தான். சேலத்துக் கொத்தனார் ஒருவன் சுண்ணாம்பும் சிமெண்டும் குழைத்துச் செய்தது. தொந்தி போய்ப் பயில்வான் மார்பு வந்திருந்தது. கண்ணில் கருணை வேறு. அட கண்றாவியே! அதைச் செய்தவனும் சிரிக்கவில்லை, பார்த்தவர்களும் சிரிக்கவில்லை.

மகனுக்கு ராவ் பகதூர் பட்டம் வேண்டியிருந்தது. அதிகாரிகள் வந்துபோகிற இடத்திலெல்லாம் அப்பா நிற்கட்டும் என்று அதே அச்சில் மூன்று நகல் செய்யவைத்தான். மொரப்பூர் ரயிலடியில் ஒன்று, அரூரில் தாலுகா கச்சேரிக்குப் போகிற பாதையில் ஒன்று, நல்லம்பள்ளியில் ரோட்டோரம் ஒன்று. பீடத்தில் பதிக்கிற கல்லுக்கு வாசகம் எழுதியது நான். மேலே பெரியவர் பேர், சாண் உயர எழுத்தில். அதற்குக் கீழே, 'ஏரிக்கரை உடைந்த நாளில் தாமே மண் சுமந்து ஊரைக் காத்த வள்ளல்'. கரை உடைந்த அன்று அவர் மாடியை விட்டு இறங்கவே இல்லை என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். மகன் சொன்னான், நான் அலங்காரம் செய்து கொடுத்தேன்.

பிறகு இன்னொரு வேலை வந்தது. கலெக்டர் கேம்ப் வரும்போது அவர் கையில் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டும். மூலச் சிலை எப்போது எழுந்தது, நகல்கள் எங்கெங்கே இருக்கின்றன, எத்தனை அடி, என்ன சிறப்பு, எல்லாம் அதில் வர வேண்டும். காகிதம் கிடைக்காமல் என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருந்த நாளில், இந்தப் புத்தகத்துக்கு வழவழப்பான காகிதம் எங்கிருந்தோ வந்து இறங்கியது. "நேர்ல போய்ப் பாத்து எழுதுங்க வாத்தியாரே" என்று மகன் வில்வண்டியும் கொடுத்தான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நாற்பது வயசு இருக்கும். அவள் மகள் என்னிடம் இரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டுக் களையெடுக்கப் போனவள். அந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"வாத்தியாருங்க, நீங்க கல்லுக் கல்லாப் பாத்து எழுதறீங்களாமா. எங்க கல்லு எங்கியாச்சும் கண்ணுல பட்டா ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

என்ன கல் என்று கேட்டேன். பத்து வருஷத்துக்கு முன் ஏரிக்கரை உடைந்தபோது மண்வெட்டியோடு உடைப்பில் இறங்கியவன் அவள் புருஷன். கரை நின்றது, அவன் மண்ணோடு போய்விட்டான். எங்கள் பக்கம் ஊருக்காகச் செத்தவனுக்குக் கல் நடுவார்கள். அவன் உருவத்தைக் கல்லில் வெட்டி நட்டு, சாமியாகக் கும்பிடுவார்கள். அவனுக்கும் ஏரிக்கரையில் நட்டிருந்தார்கள். அந்தக் கல்லைத்தான் காணவில்லை.

"கையில மம்பட்டி புடிச்சிருப்பாருங்க. பொதரு பூரா தேடிட்டேன். ஏரி வத்துனப்ப சேத்துலயும் எறங்கிப் பாத்துட்டேன். அவருக்குப் பொங்க வெச்சுக் கும்புடாம எங்க வூட்டுல தாலி எடுக்க மாட்டோங்க. பொண்ணு கண்ணாலம் நின்னுருமுங்க."

பேர் என்ன என்று கேட்டேன். புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நானும் விட்டுவிட்டேன். "பாக்கறேம்மா, போய் வா" என்று அனுப்பிவிட்டேன். அப்போது என் தலைக்குள் எதுகைதான் ஓடிக்கொண்டிருந்தது.

நல்லம்பள்ளிச் சிலைக்கு மூக்கு விழுந்துபோய், யாரோ புதுசாக ஒட்டியிருந்தார்கள், கத்தரிக்காய் அளவுக்கு. அரூரில் பீடத்துக்குப் பின்னால் போகவே முடியவில்லை. சந்தைக்கு வருகிற ஆம்பிளைகள் அத்தனை பேரும் அங்கேதான் ஒதுங்குவார்கள் போலிருக்கிறது. மூத்திர வாடையில் கண் எரிந்தது. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் 'எழில் கொஞ்சும் சூழலில்' என்று நோட்டில் எழுதினேன். அந்தக் கைக்கு வெட்கம் என்பதே இல்லை.

கடைசியாக மொரப்பூர். காக்காய் எச்சம் தலையிலிருந்து மீசை வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது. பீடத்தில் வெற்றிலை எச்சில் துப்பியிருந்தார்கள். உயரம் அளப்பதற்காக நூலைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது, வாசகக் கல்லின் ஓரத்தில் பூச்சு பெயர்ந்து ஒரு விரல் நுழைகிற சந்து இருந்தது. உள்ளே ஏதோ மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. விரலை விட்டுத் தடவினேன். செதுக்கின முழங்கை. அதற்குமேல் மண்வெட்டிக் காம்பு.

அந்தப் பூச்சைச் சரிசெய்ய, சிலை செய்த அதே கொத்தனாரும் அன்றைக்கு வந்திருந்தான். இந்தக் கல் ஏது என்று அவனைக் கேட்டேன்.

"ஏரிக்கரையில இருந்துச்சுங்க சார். சின்ன மிட்டாதாருதான் எடுத்துக்கச் சொன்னாரு. பொம்மை இருக்கற பக்கத்த உள்ளாறத் திருப்பிட்டேன். பின்பக்கம் நல்லா வாட்டமா இருந்துச்சு. உங்க எழுத்து எவ்ளோ அழகா ஒக்காந்திருக்குது பாருங்க!"

கரையை அடைத்துச் செத்தவனுடைய முதுகில், கரையைக் காத்தவன் வேறொருத்தன் என்று எழுதியிருக்கிறது. எழுதினவன் நான்.

நேரே மிட்டாதார் மகனிடம் போனேன். அன்றைக்குக் கொஞ்சம் ரோஷம் மிச்சமிருந்தது. அவன் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கேட்டான். "கல்லுதானே வாத்தியாரே. கலெக்டர் வர்ற நேரத்துல பீடத்த ஒடைக்கச் சொல்றீங்களா?" என்றான். ஊஞ்சலை இன்னொரு உந்து உந்தினான். "சித்தேரி மலையில ஒரு பள்ளிக்கூடம் வாத்தியார் இல்லாமக் கெடக்குதாம். உங்க பிள்ளைங்களுக்கு மலைக் காய்ச்சல் ஒத்துக்குமா?" என்றான். போர்டில் அவன் சொன்னால் சொன்னதுதான். நான் "சரிங்க" என்றேன். சரிங்க! தூ. அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. அவன்மேல் வந்த அருவருப்பெல்லாம் திரும்பி என்மேலேயே வந்து உட்கார்ந்தது.

கல் இருக்கிற இடத்தையாவது அந்தப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு, தலையில் பானையோடு ரயிலடிக்கு வந்துவிட்டாள். நானும் போயிருந்தேன். முகம் உள்பக்கம் இருக்கிறது, எடுக்க விடமாட்டார்கள் என்றேன். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"முதுகுன்னாலும் அவரு முதுகுதானுங்களே" என்றாள். முந்தானையை நனைத்து எச்சிலையும் எச்சத்தையும் துடைத்தாள். மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கல் வைத்தாள். ரயிலுக்கு நின்றவர்கள், மிட்டாதார்மேல் இந்தப் பொம்பளைக்கு எவ்வளவு பக்தி என்று பேசிக்கொண்டார்கள். த்தூ என்று துப்பத் தோன்றியது. யார்மேல் துப்புவது?

மஞ்சளைக் குழைத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தையே பார்த்தாள்.

"இதுல அவரு பேரு இருக்குதுங்களா, வாத்தியாருங்க?"

இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "இருக்குதும்மா" என்றேன்.

"மேல பெருசா இருக்குதே, அதுங்களா?"

"அதுதாம்மா."

சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. ஒரு எழுத்து விடாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். "உங்கப்பன் பேரு. தொட்டுக் கும்புடு கண்ணு" என்று மகளை முன்னால் தள்ளினாள்.

அந்த மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் குனிந்து எழுத்துக் கூட்டினாள். உதடு அசைவது தெரிந்தது. கடைசி எழுத்தில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக் கைகூப்பியிருந்த அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பேரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.