படியேறாத ஹவில்தார்

ஹவில்தார் தமிழழகனுக்குக் கோபம் ஏறினால் குரல் இறங்கிவிடும். அவர் கத்தினால் கவலைப்படாதே, மெதுவாகப் பேச ஆரம்பித்தால் ஜாக்கிரதை என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லி வைப்போம். ராணுவ மருத்துவப் பிரிவில் நாங்கள் இருவரும் பல வருடம் ஒன்றாகக் குப்பை கொட்டியவர்கள். வேலையும் ஏறக்குறைய அதுதான். சமையல்கூடம், கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் எங்கள் பொறுப்பு. ஒருவனுக்கு மஞ்சள் காமாலை வந்தால் அவனோடு சாப்பிட்டது யார், பக்கத்தில் படுத்தது யார் என்று துருவிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் எனக்கு மேல் பதவி. ஓய்வு பெற்று ஊர் வந்த பிறகும் எனக்கு அவர் ‘சார்’தான்.

நான் திருநாவலூர்ப் பக்கம், நிலபுலம் உள்ள குடும்பம். அவர் கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் காலனித் தெரு, கூலிவேலை பார்த்த பச்சமுத்துவின் மகன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

கொரோனா வந்த வருடம் ஆள் பற்றாமல் எங்களைப் போன்ற முன்னாள் ராணுவத்தாரையும் கூப்பிட்டார்கள். தொற்று வந்தவர் யார் யாரோடு பழகினார் என்று விசாரித்து எழுதும் வேலை. எங்களுக்குப் பழகின வேலை. ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு ஒருநாள் சாரின் சொந்த ஊரே வந்து சேர்ந்தது.

அந்த ஊரின் பெரிய விவசாயி நாராயணசாமி. அவர் மனைவி அம்சவள்ளிக்குத் தொற்று என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முந்தின வாரம் அந்த வீட்டில் பேத்தி அபிநயாவுக்கு மஞ்சள் நீராட்டு. ஊரடங்காவது ஒன்றாவது என்று பந்தல் போட்டுவிட்டார்கள். பந்தல் கட்டவும் விறகு பிளக்கவும் காலனி ஆட்கள் போயிருந்தார்கள். அவர்களில் சிலர் தொற்று பரவிய சென்னைக் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கிவிட்டு ஊர் திரும்பியவர்கள். அது போதாதா? நோயைக் கொண்டுவந்ததே காலனிதான் என்று நாராயணசாமி தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் காலனி முனையில் தகரம் வந்து இறங்கிவிட்டது.

தகரம் அடித்தால் தெருவே அடைபடும். தண்ணீர்க் குழாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம். கூலிக்குப் போக முடியாது. எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை சாரின் தங்கை மலர்விழி. நிறைமாத வயிற்றோடு அந்தத் தகரக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வலி வந்தா என்னிய எந்த வழியா தூக்கிக்கினு போவீங்க? தகரத்துக்கு மேலயா? மொதல்ல அதச் சொல்லுங்க, அப்புறம் ஆணி அடிங்க.”

விறகு பிளக்கப் போனவர்கள் எல்லோருக்கும் சோதனை எடுக்க சார் முதலில் ஏற்பாடு செய்தார். சொந்தத் தெரு என்று சலுகை எதுவும் காட்டவில்லை. ஆனால் சோதனை முடிவு வர நாளாகும், தகரம் அடிக்க ஒரு மணி நேரம் போதும். வருவாய் ஆய்வாளர் ஆதிமூலம் கையைப் பிசைந்தார். “சாயங்காலத்துக்குள்ள உங்க விசாரணைய முடிச்சுக் குடுங்க. இல்லன்னா நான் அடிச்சுத்தான் ஆவணும்.”

நாராயணசாமி தம் வீட்டு வாசல்படிக்கு மேலே நாற்காலி போட்டு, முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “தம்பி எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ள?” என்று விசாரித்தார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

“நம்ம புள்ளதான். மேல வாங்க, உக்காருங்க.” அப்புறம் சாரைப் பார்த்தார். “இன்னா பட்டாளம், நீ அங்கியே நின்னுக்கினு கேளு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நானும் இங்கியே நிக்கிறேங்க. எனக்கு அவரு மேலதிகாரி” என்றேன். இன்னும் நாலு வார்த்தை சேர்த்து விட்டிருப்பேன். சார் கையை அசைத்து அடக்கிவிட்டுக் கேள்வியை ஆரம்பித்தார். குரல் இறங்கியிருந்தது.

“காலனி ஆளுங்க வூட்டுக்குள்ள வந்தாங்களா?”

நாராயணசாமி சிரித்தேவிட்டார். “இன்னா கேள்வி இது? எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தப் படிய ஒருத்தன் மிதிச்சதில்ல.”

“பந்தல்ல ஒண்ணா உக்காந்து சாப்ட்டாங்களா?”

“மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி எல போட்டோம். தெரியாத மாதிரி கேக்கறியே.”

“தண்ணி குடிச்ச சொம்பு, டம்ளரு?”

“அவுங்க கொண்டாந்ததுல நாங்க எட்ட நின்னு ஊத்துவோம்.”

“உங்க வூட்டு அம்மா கிட்டக்க நின்னு பேசினாங்களா?”

“அவளா? தூரத்துலேர்ந்து கை காட்டுவா. இவுங்க செய்வாங்க.”

ஒவ்வொரு பதிலையும் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார். சார் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்துக் கேட்டார். மனுஷன் ஜம்மென்று போட்டுக் கொடுத்தார்.

“அப்ப எங்க தெருவுல ஒருத்தருக்கும் உங்க வூட்டோட தொடர்பு இல்லிங்க. கிட்ட வரல, ஒண்ணா உக்காரல, ஒரே சொம்புல குடிக்கல. நீங்களே சொல்லிட்டீங்க. தொடாதவன் எப்டிங்க தொத்து குடுப்பான்?”

நாராயணசாமி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். பிறகு இழுத்தார். “அப்டி இல்ல... ஒருத்தன் ரெண்டு பேரு உள்ள வந்திருப்பானுங்க...”

“மாத்தி எழுதட்டுங்களா? காலனி ஆளுங்க எங்க வூட்டுக்குள்ள வந்து எங்களோட உக்காந்து சாப்ட்டாங்கன்னு எழுதறேன். கையெழுத்துப் போடுங்க. ஊருக்கு நடுவுல நின்னு படிச்சிக் காட்டறேன்.”

நாராயணசாமி தாடையிலிருந்த முகக்கவசத்தை இழுத்து வாயை மூடிக்கொண்டதை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“அது வேணாம்னா, உள்ள வந்தது யாருன்னு சொல்லுங்க. அம்மாவோட ஒண்ணா சாப்ட்டது யாரு?”

சாதியா மாப்பிள்ளையா என்று அந்த மனுஷன் தவித்த தவிப்பு இருக்கிறதே! கடைசியில் மாப்பிள்ளையைக் கைவிட்டார். சென்னையிலிருந்து காரில் வந்த அன்புச்செல்வன், வரும்போதே இருமிக்கொண்டு வந்திருக்கிறார். விசேஷம் முடிந்ததும் வெள்ளிமலையில் மாமனாரின் மரவள்ளித் தோட்டத்து வீட்டில் போய்ப் பதுங்கியிருந்தார். அன்றே மலையேறினோம். போர்வைக்குள் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தார். அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த மலைக்காரப் பெண்ணிடம் இது என்ன நோய் என்று ஒருவரும் சொல்லவில்லை. சார் அங்கேயும் மெதுவாகத்தான் பேசினார். மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காலனி முனையிலிருந்த தகரம் நாராயணசாமி தெருவுக்குப் போனது. “பாத்து தூக்குங்க, கையக் கீறிடப் போவுது” என்று மலர்விழி நின்று வழியனுப்பி வைத்தாள். காலனியில் ஒருவருக்கும் தொற்று இல்லை என்று முடிவு வந்தபோது அவள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மகளைப் பெற்று மடியில் வைத்திருந்தாள்.

அம்சவள்ளி பிழைத்து வீடு வந்தார். தகரம் பிரிக்கிற அன்று நாராயணசாமி படிமேல் வந்து நின்றார்.

“நடந்தது நடந்து போச்சு, தமிழழகா. அம்சவள்ளி உன்னப் பாக்கணுங்கறா. மேல வந்து உக்காரு. பட்டாளத்துல இருந்தவன், உனக்கின்னா?”

சாரின் குரல் இறங்கியது. “எனக்கு மட்டும்னா வேணாங்க. வெறகு பொளக்க வந்தவங்க அத்தினி பேரையும் கூப்புடுங்க. அவுங்களோட சேந்து ஏறி வரேன்.”

நாராயணசாமி உள்ளே போய்விட்டார்.

வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் அந்தத் தெரு வழியாகப் போனால் சார் அந்த வீட்டெதிரில் வண்டியை நிறுத்துவார். “இன்னாங்க, கூப்பிடறீங்களா?” என்று மெதுவாகக் கேட்பார். நாராயணசாமி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். சார் வண்டியைக் கிளப்புவார். அடுத்த முறை போகும்போதும் நிறுத்துவார், கேட்பார்.