கொலுப்படியில ஏறி ஆடின நாள்

தேக்குத் தூள் வாசனை வந்தாலே எனக்கு முதல்ல தும்மல் வரும்... அப்புறம்தான் ஞாபகம் வரும்.

நம்ம கையெழுத்துப் பத்திரிகைக்கு இந்த மாசம் எழுத என் முறையாம். சரி, படிங்க... படியைப் பத்தித்தான்.

எனக்கு அப்போ எட்டு வயசு. எங்க காளிகாட் வீட்டு முற்றம் பூரா மரத்தூள். மத்த வீட்ல பிள்ளைங்களை "படி, படி"ன்னு விரட்டுவாங்க. எங்க வீட்ல அம்மா அப்பாவை விரட்டினாங்க... "படி என்னாச்சு, படி என்னாச்சு"ன்னு.

கொலுப்படி. அதுவரைக்கும் டிரங்குப் பெட்டி, மண்ணெண்ணெய் டின், அப்பாவோட ஆபீஸ் புஸ்தகம் எல்லாத்தையும் அடுக்கி, மேல வேட்டி விரிச்சுத்தான் எங்க கொலு. முந்தின வருஷம் டின் நசுங்கி, தசாவதாரத்துல கூர்மம் கவுந்து ஓடு உடைஞ்சுது. அம்மாவோட பொறந்த வீட்டுப் பொம்மை அது. திருநெல்வேலியிலிருந்து வைக்கோல்ல சுத்தி, ரயிலேறி வந்த ஆமை. பேரன் பேத்தி காலத்துக்கும் அசையாத படி வேணும்னு அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க.

அடுத்த வீட்டு காக்கிமா சொல்லி வந்தவர் ஹரிபதோ மிஸ்திரி. மர வேலைக்காரர், ஆளும் மரம் மாதிரிதான்... ஆலமரம். நான் அவரை ஹரிகாகான்னு கூப்பிடுவேன். காகான்னா வங்காளத்துல சித்தப்பா, காக்கிமான்னா சித்தி. அம்மா காதுல மட்டும் அது காக்காய்க்குச் சோறு வைக்கற மாதிரியே விழும்.

காகா ஒரு ஆணிகூட அடிக்கல. ரெண்டு பக்கமும் சட்டம், அதுல காடி வெட்டி, பலகையைச் செருகி, மர ஆப்பு வச்சு இறுக்கறது. கொலு முடிஞ்சதும் கழட்டி சுவரோரம் சாத்திடலாம். அவர் இழைக்க இழைக்க சீவல் சுருள் சுருளா விழும். நான் பொறுக்கி ஜிமிக்கியா மாட்டிக்குவேன். ஒரு நாள் மிச்சத்தை எல்லாம் அப்பாவோட குடைக்குள்ள போட்டு வச்சேன். டிராமுக்கு நிக்கறப்போ மழைன்னு விரிச்சார்... ஆபீஸ் துரைக்கு முன்னாடி. அப்பாவுக்குப் பூமாரி. சாயங்காலம் எனக்கு அடிமாரி.

மஹாலயா அமாவாசை அன்னிக்கு பொழுது சாயற நேரம். மறுநாள் கொலு. வைக்கோலை உதறின பொம்மைங்க கூடத்துல வரிசையா காத்துட்டிருக்கு. காகா படியைப் பூட்டி நிறுத்தினார். ஏழு படி, வழவழன்னு. அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. அப்பதான் காகா ஒரு செம்புத் தண்ணி கேட்டு, கால் கழுவி, வேட்டியைத் தூக்கிச் செருகிட்டு, முதல் படியில ஏறப் போனார்.

அம்மா குறுக்க வந்து நின்னுட்டாங்க.

கட்டிலோ பெஞ்சோ, எது செஞ்சாலும் மேல ஏறி ஆட்டிப் பார்த்துட்டுத்தான் குடுப்பாராம். அவரோட அப்பாவும் அப்படித்தானாம். அம்மாவுக்கு வங்காளம் பாதிதான் புரியும்... காலைத் தூக்கினது முழுசாப் புரிஞ்சுது. அம்பாள் உட்கார்ற எடத்துல ஒரு ஆம்பிளை கால் வைக்கறதா?

அப்பா நடுவுல நின்னு ரெண்டு பாஷையிலயும் திட்டு வாங்கினார். அம்மியைத் தூக்கி வச்சுப் பார்க்கலாமே, அரிசி மூட்டையை வைக்கலாமேன்னார். காகா தலையை ஆட்டிட்டார்.

"கல்லு சும்மா கெடக்கும் பாபு. மனுஷன்தான் ஆடுவான். ஆடினாத்தான் மூட்டு பொய் சொல்லுதான்னு தெரியும்."

ஏறிப் பார்க்காததை என் வேலைன்னு குடுக்க மாட்டேன்னு சொல்லி, கொட்டாப்புளியை எடுத்து முதல் ஆப்பைத் தட்டிக் கழட்டவும் ஆரம்பிச்சுட்டார். அம்மா திரும்பி அந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்த பார்வை இருக்கே...

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏம்மா, போன நவராத்திரிக்கு கன்யா பூஜைன்னு என் காலைக் கழுவி நீதானே கும்பிட்டே? அந்தக் கால் இப்ப எங்க போச்சு? நான் ஏறறேனே."

அம்மா குனிஞ்சு என் காலைப் பார்த்தாங்க. அப்பா அதை வங்காளத்துல சொன்னதும் காகா கொட்டாப்புளியைக் கீழ வச்சார். வங்காளிங்களும்தான் அவங்க பூஜையில சின்னப் பொண்ணை உட்கார வச்சு தேவின்னு கும்பிடறாங்களே. ஆனா என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, இது பத்தாதுன்னுட்டார். அவர் எடைக்கு எடை வேணுமாம்.

காளிகாட் சந்துல தேவிகளுக்கா பஞ்சம். ஓடிப் போய் கண்ணுல பட்ட பொடிசுங்க எல்லாத்தையும் இழுத்துட்டு வந்தேன். அம்மா எங்க காலை மஞ்சத்தண்ணியில கழுவ, காக்கிமா ஓரத்துல சிவப்பு ஆல்தாச் சாயம் தீட்டி விட்டாங்க. காயறதுக்குள்ள ஏறிட்டோம். "நாச்சோ"ன்னார் காகா. ஆடுங்கன்னு. வீட்டுக்குள்ள குதிக்கச் சொன்ன பெரியவரை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்.

குதிச்சோம். கிர்ர்ர்ர்...

அப்படியே பொம்மையாயிட்டோம். அந்த வருஷக் கொலு அப்பவே ஆரம்பிச்சுடுச்சுன்னு வச்சுக்கோங்க. கமலா, இதைப் படிச்சுட்டுச் சிரிக்காதே, மேல் படியில நின்னு அழுதது நீதான். அம்மா முந்தானையைக் கடிச்சுக்கிட்டாங்க. காகா சட்டத்துல காதை வச்சுக் கேட்டார். இடது பக்க ஆப்பை மெதுவா தட்டி இறுக்கிட்டு, இன்னொரு தடவைன்னார். குதிச்சோம். படிகிட்டேருந்து மூச்சே இல்லை. கத்தினதெல்லாம் நாங்கதான்.

பலகை பூரா சிவப்புக் கால் தடம். துடைக்கப் போன அப்பா கையை அம்மா பிடிச்சுட்டாங்க. அதும் மேலயே வேட்டி விரிச்சாங்க. அம்பாள் வந்து உட்கார்ந்தா.

இப்ப எனக்குப் பதினாறு. காகா இன்னமும் மஹாலயா அன்னிக்கு வந்து ஆப்பு இறுக்கறார். வேற பொடிசுங்க குதிக்குது. நான் கீழ உட்கார்ந்து அதுங்க காலைக் கழுவி விடறேன்... மூணாவது படியில என் பழைய தடம் மங்கலா இருக்கு. கையை விரிச்சு வச்சா கிட்டத்தட்ட மறைஞ்சே போகுது.

தை பொறந்தா எனக்குக் கல்யாணம், சென்னப்பட்டணம். உனக்கு என்ன செஞ்சு தரட்டும்னு காகா கேட்டார். படிதான்னேன். ஏழு படி, கழட்டி ரயில்ல ஏத்தற மாதிரி.

"வருஷா வருஷம் அங்க யாரு ஏறி ஆட்டிப் பார்க்கறது?"

"எனக்குப் பொண்ணு பொறப்பா. அவ ஆடுவா."

ஏட்டி, உனக்கு வெக்கம்னு ஒண்ணு உண்டான்னு அடுப்படியிலிருந்து அம்மா குரல்.

காகா சிரிக்கவே இல்லை. காதுலேருந்து பென்சிலை எடுத்து, பலகையில கோடு போட ஆரம்பிச்சார்.

"அப்போ அவ உன்னை மாதிரி வாலா பொறக்கணும்மா. அடக்கமா நடக்கற பொண்ணு ஏறினா, மூட்டு பொய் சொல்லுதான்னு எப்படித் தெரியும்?"