முதலில் அவர்தான் தொடுவார்

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கேட்கப் போவதில்லை. நடந்தது. என் மகள் வானதி உடன் இருந்தாள். ஒயர்மேன் மதிவாணன் கண்ணால் பார்த்தார். நேரங்களை அன்றன்றைக்கே போனில் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். போன தை மாதம் என் கணவர் இராஜாங்கம் இறந்தார். கடைக்குப் போனவர், திரும்பி வரும் வழியில் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவருடைய மஞ்சப்பையை என்னிடம் கொடுத்தார்கள். அதை அப்படியே சாமி அறை ஆணியில் மாட்டினேன். பிரித்துப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. பல் பிடுங்கிய பிறகு கன்னம் இருக்குமே, அது போல.

எங்கள் வீட்டில் எதையும் முதலில் அவர்தான் தொடுவார். வானதி குளிக்கும் வெந்நீரில் முழங்கையை விட்டுப் பார்ப்பார். மீனில் முள் எடுத்துத் தருவார், அவளுக்குப் பதினேழு வயதான பிறகும். புதிதாக வாங்கிய மிக்ஸியைக்கூட அவர் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் தொட வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். நான் என்ன குழந்தையா என்று பல தடவை கேட்டிருக்கிறேன். சிரிப்பார். வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் ஒன்றையே சொல்வார். கடைசி நாளும் சொன்னார்.

"நான் வர்ற வரைக்கும் மோட்டார் பக்கம் போவாதீங்க."

எப்போதும் சொல்வதுதானே என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் வயல் ஞாபகம் வந்தது. சம்பா பயிர் பால் பிடிக்கும் நேரம். வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. இப்போது காய்ந்தால் அத்தனையும் பதர். இரண்டு ஏக்கர் குத்தகை நிலம். வானதியின் படிப்பும் எங்கள் சாப்பாடும் அதில்தான் நின்றன. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடியாமல் நான் வாசல் தாண்டக் கூடாது. அதனால் தெரு விழிக்கும் முன் கிளம்பினேன். மோட்டார் கொட்டகைக்கு ஒரே சாவி. என் முந்தானையில்தான் முடிந்திருந்தது.

அந்த வாரம் மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் காலை ஆறு மணிக்குத்தான் வரும். நான் வரப்பில் ஏறியபோது மணி 5.52. நல்ல பனி.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

தொட்டியில் தண்ணீர் தபதபவென்று விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கொட்டகை பூட்டியிருந்தது. திறந்தேன். ஸ்டார்ட்டருக்குக் கீழே அவர் நின்று சுவிட்ச் போடும் மரப்பலகை. பனி இறங்கிப் பலகை முழுக்க ஈரம். நடுவில் மட்டும் இரண்டு பாதம் அளவுக்குக் காய்ந்திருந்தது. அதுவரை யாரோ அங்கே நின்றிருந்தது போல...

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏழாம் நாள், 5.48. மோட்டார் ஓடியது. இந்தத் தடவை நான் திறக்கவில்லை. கதவருகே நின்றேன். உள்ளே யாரோ இரண்டு முறை தொண்டையைச் செருமினார்கள். சுவிட்ச் போடும் முன் அவர் அப்படித்தான் செருமுவார்.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். நான் தாண்டிய பிறகு வாளியிடம் சொல்வது போலச் சொன்னார்.

"பதினாறு முடியல. அதுக்குள்ள காலு நிக்கலயாம்."

அது வானதி காதில் விழுந்துவிட்டது. மறுநாள் நீ வராதே, நானே போய் மோட்டார் போடுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டாள். அங்கே பார்த்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. ஏன் என்று இன்றும் என்னையே கேட்கிறேன். சொன்னால் அவர் இறந்தது உண்மையாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

எட்டாம் நாள். மனம் கேட்காமல் அவள் பின்னாலேயே போனேன்.

மணி 5.40. மோட்டார் ஓடவில்லை. வயலில் ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை.

வானதி பூட்டைத் திறந்தாள். தனி ஒயரில் தொங்கிய குண்டு பல்பைப் போட்டாள். பலகையில் ஏறினாள். நான் வெளியே, நாலடி தள்ளி.

அவள் கையை நீட்டினாள்.

பல்பு அணைந்தது.

இருட்டில் அவள் குரல்.

"அம்மா... கைய விடு."

"நான் வெளியில நிக்கிறேன், வானதி."



பிறகு... இரண்டு செருமல்.

தடக்.

மோட்டார் ஓட ஆரம்பித்தது. மணி 5.43.

வானதியை இழுத்துக்கொண்டு ஓடினேன். வீடு வரும்வரை அவள் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்தபடியே வந்தாள்.

பத்து மணிக்கு மதிவாணனைக் கொட்டகைக்கு அனுப்பினேன். என் கணவரின் கூட்டாளி, ஊரில் எல்லா மோட்டாரையும் பார்ப்பவர். அரை மணியில் வந்து வாசலிலேயே நின்றார்.

"அண்ணி, அந்த ஸ்டார்ட்டர யாராச்சும் தொட்டீங்களா?"

இல்லை என்றேன்.

மெயினுக்கு வரும் ஒயரைப் பியூஸுக்கு முன்பே எலி கடித்து, அது இரும்புச் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்ததாம். ஸ்டார்ட்டர் பெட்டி முழுக்க கரண்ட். ஈரப் பலகையில் நின்று தொட்டிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும் என்றார். சரிசெய்துவிட்டாராம். பிறகு தயங்கினார்.

"மோட்டார் ஓடுச்சுன்னு சொன்னீங்க. எப்படி ஓடும்? மெயின்ல மூணு பியூஸ் கேரியரும் இல்ல, அது இல்லாம மோட்டாருக்குக் கரண்டே போவாது. யாரோ கழட்டிட்டுப் போயிருக்காங்க."

வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டேன்.

"கணுக்கால் அளவு நிக்குது."

நான் சாமி அறைக்குப் போனேன். எட்டு நாளாக ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்துப் பிரித்தேன்.

ஒரு சுருள் புது ஒயர். கறுப்பு டேப். அவர் இறந்த நாள் தேதியிட்ட கடை ரசீது, நேரம் 10.41. அடியில் அவருடைய கைக்குட்டையில் சுற்றி, மூன்று வெள்ளைப் பீங்கான் கட்டைகள்.

பியூஸ் கேரியர்கள்.

மதிவாணன் அவற்றை வாங்கக் கை நீட்டினார். உடனே கையை இழுத்துக்கொண்டார். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

மூன்றும் சூடாக இருந்தன.