எங்கிட்ட அடிக்குதே

எங்கள் அலுவலகத்தில் யாராவது தெரியாத்தனமாக ஒரு சார்ஜரைக் கழற்றிவிட்டால் போதும், அக்காவின் குரல் படிக்கட்டு வரைக்கும் கேட்கும். "எவன்டா கை வச்சது?" என்று ஆரம்பித்து, கை வைத்தவனின் படிப்பு, வளர்ப்பு, அவனை வேலைக்கு எடுத்தவரின் கண்பார்வை எல்லாவற்றையும் ஒரு சுற்று விசாரித்துவிட்டுத்தான் ஓய்வார். அதனால் அவருக்குச் சார்ஜர் அக்கா என்று பெயர். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் வாசல் காவலாளிக்குக்கூட ஆளைத் தெரியாது.

அக்காவின் வேலை பழைய போன்களோடு. நாங்கள் எழுதி முடிக்கும் செயலி எங்கள் புதுப் போன்களில் பளபளவென்று ஓடும். அதையே ஆறு வருஷம், எட்டு வருஷம் ஆன போன்களில், கம்பெனிக்காரனே மறந்துபோன பழைய மென்பொருள் பதிப்புகளில் ஏற்றி, எங்கே இடறுகிறது, எங்கே செத்து விழுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஜன்னலோரம் ஒரு இரும்பு அலமாரி. அதில் நாற்பத்தொரு போன்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நம்பர். நம்பர் எங்களுக்கு. அக்கா வைத்திருந்த பெயர்கள் வேறு. ஒலிபெருக்கி போனது ஊமை. ஐந்து நிமிஷத்தில் கொதிப்பது சுடுமூஞ்சி. பதினாலாம் நம்பர் மட்டும் ஒருநாளும் மக்கர் பண்ணாததால் நல்லபிள்ளை.

பேட்டரி போன போன்களை வைத்துக்கொண்டு சோதனை செய்வது எரிச்சல் பிடித்த வேலை. பாதியில் உயிர் போய்விடும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே அலமாரியில் ஒரு போன்கூடச் சார்ஜர் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். காலையில் கைப்பையை மேசையில் வைப்பதற்கு முன் நாற்பத்தொரு விளக்குகளையும் எண்ணுவார். வேலையை மதிக்கிற ஆள் அப்படித்தான் இருப்பார் என்று நானும் நினைத்திருந்தேன்.

எனக்கும் அவருக்கும் நித்தம் சண்டை. நான் செயலி எழுதுகிறவன். அவர் குறை கண்டுபிடித்து அனுப்புவார், நான் என் போனில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட வேலை செய்யுதேக்கா" என்பேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பொறுப்பில்லாத பேச்சு கிடையாது. எல்லோரும் பேசுவதும் இதைத்தான்.

"உங்க போனையா துரை ஊருக்கெல்லாம் பங்கு போட்டுக் குடுக்கப் போறீங்க?" என்பார். தப்பைச் செய்துவிட்டுத் தலை நிமிர்ந்து நடப்பவர்கள் எல்லோரும் அவருக்குத் துரைதான். "கையில இருக்கிறதுதான் அவனுக்கு போன். அதுல ஓடலைன்னா ஓடலை. அவ்வளவுதான்."

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சொந்தம் என்று ஒரே தம்பி. எனக்கு ஒரு வயது இளையவன், அதனால் அவன் என்றே சொல்கிறேன். சலவைத் தொழிற்சாலையில் ஆவி இஸ்திரி இயந்திரத்தில் வேலை. தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறையில் தனியாக இருந்தான். மூன்று வருஷத்துக்கு முன் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருந்தார்.

அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் அவன் வயிற்றைத் தட்டிக்கொண்டே சொல்வான். "வெளியில ஒரு அக்கா, உள்ள ஒரு அக்கா. ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு உயிரை வாங்குறாங்க."

ஒருவர் உடம்பின் உறுப்பை இன்னொருவர் உடம்பு லேசில் ஏற்றுக்கொள்ளாது. வேற்றாள் என்று தள்ளிவிடப் பார்க்கும். தள்ளாமல் இருக்க காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கும் மாத்திரை. வாழ்நாள் முழுக்க, ஒரு வேளை தவறாமல். தம்பிக்கு ஞாபகம் என்பது பேருக்குத்தான். சில நாள் விட்டுவிடுவான். ஒருமுறை போட்டதை மறந்து இரண்டாம் தடவையும் போட்டுவிட்டு வாந்தியோடு கிடந்தான். அக்காவுக்கு அது பெரிய கவலை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு மருத்துவமனை எங்களிடம் மாத்திரை அலாரச் செயலி கேட்டது. தம்பி சிகிச்சைக்குப் போய்வந்த மருத்துவமனையே அது. டாக்டர் தன் அறையிலிருந்தே வேளையை மாற்றினால் நோயாளியின் போனில் தானாக மாறிவிடும். நோயாளி அலாரத்தைத் தள்ளிப்போடலாம், ஒரேயடியாக நிறுத்த முடியாது. மாத்திரை அட்டையைப் போன் கேமராவில் காட்டினால்தான் ஓயும், மருத்துவமனைக் கணினியிலும் அந்த வேளைக்கான கட்டம் நிரம்பும். அலாரப் பகுதி முழுவதையும் எழுதியவன் நான். அக்கா நாற்பத்தொன்றிலும் போட்டுப் பார்த்தார். மூன்று வாரத்தில் எனக்கு எழுபது குறை அனுப்பினார், எழுபதையும் சரிசெய்ய வைத்தார். ஒரு வேலையில் அவ்வளவு முனைப்பாக அவரை நான் பார்த்ததில்லை. யாருக்காக என்பது எல்லோருக்கும் தெரியும்.

தம்பியிடம் இருந்தது பதினாலாம் நம்பரோடு வாங்கிய அதே ரகப் போன், அக்கா கொடுத்தது. செயலியை அதில் அவரே ஏற்றினார். தலைமாட்டில் இருந்த அலாரக் கடிகாரத்தை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "இனிமே உன் மூளைய நீ நம்ப வேணாம். இது அடிச்சா போடு, அடிக்கலைன்னா போடாத. புரியுதா?" என்றார். அவன் ராணுவ வீரன் மாதிரி சல்யூட் அடித்தானாம். அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டு மாதம் எல்லாம் சரியாகத்தான் போனது. தம்பிக்குக் காலை ஷிப்ட் மாறி மத்தியான ஷிப்ட் வந்த வாரம், அலமாரிக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தபோது அவனிடமிருந்து அழைப்பு வந்தது. அக்காவின் இரண்டு கையிலும் போன்கள், ஆகவே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"அக்கா, நாலு நாளா சாயங்காலம் அடிக்க மாட்டேங்குதே."

"காலையில?"

"காலையில டாண்ணு அடிக்குது."

"இரு, பாக்குறேன்."

பார்த்தார். நல்லபிள்ளையை எடுத்து இரண்டு நிமிஷம் தள்ளி அலாரம் வைத்தார். அடித்தது. அதோடு விட்டுவிடவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு வைத்து, வீட்டுக்குப் போகாமல் அலமாரி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். ஏழுக்கு அடித்தது. மறுநாளும் அடித்தது. தம்பியைக் கூப்பிட்டார்.

"எங்கிட்ட அடிக்குதே. டாக்டர் குறைச்சிருப்பார்டா. போன மாசம் அந்த வெள்ளை மாத்திரைய நிறுத்துனப்போ இதுல தானாதானே போச்சு?"

"அப்ப போட வேணாமா?"

"அடிச்சா போடு. அடிக்கலைன்னா போடாத."

நான் பக்கத்திலிருந்து, "என் வசனத்தைத் திருடிட்டீங்களேக்கா" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் தூக்கத்தில் கேட்கிறது.

சாயங்கால அலாரம் நின்று ஆறு வாரம் ஆனபோது, இயந்திரத்தின் முன்னால் தம்பி சுருண்டு விழுந்தான். கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஒரு சொட்டுச் சிறுநீர் இல்லை. மருத்துவமனைக் கணினியில் டாக்டர் அவனுடைய பதிவைத் திறந்தார். வேளை எதையும் அவர் குறைக்கவே இல்லை. சாயங்காலக் கட்டங்கள் நாற்பத்திரண்டு நாளும் வரிசையாகக் காலியாக இருந்தன. கோப்பில் 'நோயாளி மாத்திரை உட்கொள்ளவில்லை' என்று எழுதினார். நல்லபிள்ளையில் அடித்தது இவன் போனிலும் அடித்திருக்கும் என்று நம்பி, அக்கா தன் பங்குக்கு வார்டே திரும்பிப் பார்க்கும்படி தம்பியைத் திட்டித் தீர்த்தார். "என் உடம்பை அறுத்துக் குடுத்தேன்டா பாவி! ஒரு மாத்திரைய முழுங்க உனக்குக் கையில்லையா?"

"அது அடிக்கலைக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் நான் பார்க்கப் போனேன். அக்கா கட்டிலோரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியின் போன் தலைமாட்டு மேசையில் இருந்தது. ஏழு மணிக்கு அது அலறியது.

தம்பி உதட்டை இழுத்துச் சிரித்தான். "பாரு, இப்ப அடிக்குது. உன்ன பாத்தா அதுக்கும் பயம் போல."

அக்கா போனைப் பார்த்தார். பிறகு அதிலிருந்து சுவருக்குப் போகும் வயரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

சார்ஜரில் இருக்கும் போன் தூங்காது. சார்ஜர் இல்லாமல் தொடாமல் கிடக்கும் போன் தூங்கிவிடும். அந்தப் பழைய பதிப்பில், அந்த ரகத்தில், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அலாரத்தையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். தம்பி ராத்திரி போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பான், ஆகவே காலையில் ஒழுங்காக அடித்தது. முன்பெல்லாம் சாயங்காலம் ஏழு மணிக்கு அறையில் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான், ஆகவே அப்போதும் அடித்தது. மத்தியான ஷிப்டில் ஆவி படக் கூடாதென்று ஜன்னல் மேட்டில் வைத்துவிடுவான். ஒன்றரையிலிருந்து ஒன்பது வரை யாரும் தொடுவதில்லை. எங்கள் அலமாரியில் நாற்பத்தொரு போன்களில் ஒன்றுகூட ஒருநாளும் தூங்கியதில்லை. தூங்க அக்கா விட்டதில்லை.

என் பங்கும் இருக்கிறது. கடந்துபோன வேளை இருந்தால் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்த வேளைக்குப் போ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இல்லாவிட்டால் அலாரங்கள் வரிசைகட்டி அடித்து நோயாளிக்குத் தொந்தரவாம். ராத்திரி சார்ஜில் போட்டதும் விழித்துக்கொள்ளும் செயலி, ஏழு மணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் 'அடுத்தது நாளை காலை' என்று காட்டியிருக்கிறது. போன்கள் தூங்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. புதுப் பதிப்புகளுக்கு வழி செய்து வைத்திருந்தேன். பழையதை அக்கா பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் அலுவலகம் போனபோது அலமாரியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. நாற்பத்தொரு சார்ஜர்களையும் அக்கா தன் கையாலேயே பிடுங்கிப் போட்டிருந்தார். முந்தின ராத்திரியே எல்லாவற்றுக்கும் புதுப் பேட்டரி வாங்கக் கடை கடையாக அலைந்து, பதினாறுக்குத்தான் கிடைத்ததாம். அந்தப் பதினாறை மேசைமேல் பரப்பி, மத்தியானம் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து, யாரையும் கிட்டே விடாமல் நின்றார். இரண்டு மணிக்கு ஒன்பது அடித்தன. ஏழு அடிக்கவில்லை. நல்லபிள்ளை அடிக்கவில்லை. அக்கா அதைக் கையில் எடுத்து, திரையைத் திறந்து பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அழுது முடித்துவிட்டு, எப்போதும்போலக் குறை அறிக்கை எழுதினார். சார்ஜரைக் கழற்றவும். ஜன்னல் மேட்டில் வைக்கவும். ஐந்தரை மணி நேரம் தொடாமல் இருக்கவும். நடக்க வேண்டியது: அலாரம் அடிப்பது. நடந்தது: அடிக்கவில்லை. எத்தனை முறை நடந்தது என்ற கட்டத்தில் நாற்பத்திரண்டு என்று போட்டிருந்தார்.

மேலாளர் இரண்டு நாள் கழித்து எங்களைக் கூப்பிட்டார். அந்தப் பழைய பதிப்புகளை வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு நாலு பேர்தானாம். அவர்களுக்கு இனிமேல் செயலி கொடுப்பதில்லை, ஏற்கெனவே ஏற்றியதைச் சரிசெய்வதும் இல்லை என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது.

"அந்த நாலு பேருக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றார் அக்கா.

"புது போனுக்கு மாறச் சொல்லி ஒரு செய்தி போகும்."

"அடிக்காதுன்னு சொல்லுங்க சார். சாயங்காலம் அடிக்காது, நம்பாதீங்கன்னு சொல்லுங்க."

"அப்படி எழுத வக்கீல் ஒத்துக்க மாட்டாரும்மா."

அக்கா என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறையை 'ஆதரவில்லாத பதிப்பு' என்று குறித்து மூடிவைத்ததும் நான்தான். மூடச் சொன்னார்கள், மூடினேன்.

அக்கா கொடுத்த சிறுநீரகம் பிழைக்கவில்லை. தம்பிக்கு இப்போது வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். ஒரு நாள் நானும் கூடப் போனேன். அக்கா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். சார்ஜர், அலமாரி, ஜன்னல் மேடு, நாற்பத்திரண்டு நாள். "நீ சொன்னது நிஜம்டா. அது அடிக்கலை. தப்பு பூரா என்னோடது. உன்ன போய் திட்டினேன்" என்றார்.

அவன் இயந்திரத்துக்குள் ஓடும் தன் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "விடுக்கா. வெளியில இருக்கிற அக்காதான் திட்டினா. உள்ள இருந்தவ ஒரு வார்த்தை பேசலையே. அவபாட்டுக்குப் போயிட்டா."

சொல்லிவிட்டு அவன் சிரிக்கத்தான் பார்த்தான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அப்போது ஏழு மணி. மேசையில், சார்ஜரில் கிடந்த போன் அடித்தது. இனித் தேவையில்லை என்று அந்த மாத்திரையை டாக்டர் அன்று காலைதான் நிறுத்தி, அட்டையையும் வாங்கிக்கொண்டிருந்தார். கணினியில் எடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. அக்கா தள்ளிப்போட்டார், ஐந்து நிமிஷத்தில் திரும்ப அடித்தது. மறுபடியும் தள்ளிப்போட்டார், மறுபடியும் அடித்தது.

"துரை, இத எப்படி நிறுத்துறது?" என்றார் என்னிடம்.

நிறுத்துவதற்கு நான் வழி வைக்கவில்லை.