ஹேண்டில் பாருக்குக் கீழே ஒரு கீறல்

திண்டிவனத்தில் மெக்கானிக்காக இருக்கும் என் தம்பி ஒரு பழைய மோட்டார் பைக்கைப் பிரித்து, தன் விருப்பப்படி புது வடிவத்தில் செய்துகொண்டிருந்தான். வேலை பாதியில் நிற்கும்போதே அவன் மனைவிக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. செலவுக்காக அதை அப்படியே விற்க முடிவு செய்தோம்.

விழுப்புரத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். டேங்கைத் தடவினார். ஏறி உட்கார்ந்தார்.

"மீதி வேலைய நான் பாத்துக்கிறேன். நீங்க கேட்ட விலையே தர்றேன்" என்றார்.

தம்பி ஹேண்டில் பாரையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியைப் பிரிய மனமில்லாமல் பேச்சைக் கெடுத்துவிடுவானோ என்று பயந்தேன்.

"சரின்னு சொல்லுடா" என்றேன்.

அவன் குனிந்து, ஹேண்டில் பாருக்குக் கீழே செல்போன் வெளிச்சத்தைக் காட்டினான்.

"இங்க வெல்டிங்ல கீறல் வுட்டிருக்குதுங்க. காலைலதான் பார்த்தேன். ஸ்பீடா போய்க்கினு இருக்கும்போது ஒடஞ்சா உயிரே போய்டும். ஃப்ரேமையே மாத்தணும்."

வந்தவர் சட்டென்று இறங்கினார். அப்படியே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

"பிரசவத்துக்கு என்னடா பண்ணுவ?" என்று கத்தினேன்.

"அந்தாளு வூட்லயும் புள்ளைங்க இருக்கும்கா."

என் வளையலை அடகு வைத்துச் சமாளித்தோம். பெண் குழந்தை பிறந்தது. அந்த வண்டியை இன்னும் விற்கவில்லை. ஆனால், தம்பி கைபட்ட எந்த வண்டியிலும் நான் இப்போது யோசிக்காமல் ஏறி உட்காருகிறேன்.