ரிப்பன்காரி

இரண்டாவது உலகச் சண்டை முடிந்து என் வீட்டுக்காரர் ஆலங்குடியில் வந்து இறங்கியபோது ஓர் ஆட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டாளத்தில் லாரி டிரைவர் அவர். பாரசீகத்தில் ரஷ்யப் பட்டாளத்துக்குச் சாமான் ஏற்றிப் போன இடத்தில் அந்தப் பட்டாளத்து உக்ரைன்காரர்கள் ஆடிய ஆட்டமாம். பேர் ஹோப்பாக்.

கடலை பறிக்க வந்தவர்கள் கேட்டால் போதும், களத்தில் ஆடிக் காட்டுவார். கைகளை மார்பில் கட்டி, குத்தவைத்தபடியே காலை மாற்றி மாற்றி வீசுவார். "குதிரையேறிச் சண்டை போட்ட அவுக பாட்டன் பூட்டனெல்லாம் செயிச்சுத் திரும்பினா ஆடுவாகளாம். எங்க நாட்டை எவன் புடிச்சாலும் இதைப் புடுங்க முடியாதும்பாக" என்பார்.

அதுவரை நானும் சிரித்தேன். பிறகுதான் அவர் களத்தில் சொல்லும் கதைக்குள் 'அந்தப் புள்ள' வந்தாள்.

"தலையில பூவளையம், அதுல கலர் கலரா ரிப்பன். அந்தப் புள்ள சுத்துனா ரிப்பனெல்லாம் பறக்கும் பாருங்க!"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் காணவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. முளைப்பாரித் திருவிழாவில் எங்கள் தெருக் கும்மிக்கு முன்னால் நின்று ஆடிப் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் நான். ஊரே நின்று பார்க்கும். இவர் மட்டும் அந்நேரம் சீட்டாடப் போயிருப்பார்.

ஒரு சாயங்காலம் சந்தையிலிருந்து கனகாம்பரம் வாங்கி வந்தார். வாங்கின கையோடு வீசி எறிந்தேன்.

"கொண்டுபோயி அந்த ரிப்பன்காரிக்கு வச்சு விடுங்க!"

"புருசன் வாங்கியாந்த பூவை எறியலாமாடி?" என்று மாமியார் வாயில் அடித்துக்கொண்டார். இவரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடியே, அதுக்கு மீசை இருந்துச்சுடி! கேலிக்குப் புள்ளன்னு சொன்னேன்."

முகாமில் பெண்களே இல்லையாம். பெண் இல்லாவிட்டால் அந்த ஆட்டம் பாதிதான் என்று ஒரு பட்டாளத்துக்காரன் காட்டுப்பூவில் வளையம் கட்டி, கந்தல் துணியை ரிப்பனாகத் தொங்கவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினானாம்.

"அவன் ஊரு செருமன்காரன் கையில மாட்டிக்கிச்சு. பொண்டாட்டி இருக்காளா இல்லையான்னு தெரியல. அவ குமரியா இருந்தப்ப ஆடுன ஆட்டம்டி அது. எந்த எடத்துல சிரிப்பா, எங்கிட்டுத் திரும்புவா, எல்லாம் அவனுக்கு அத்துபடி."

மாமியார் சிரித்துக்கொண்டே பூவைப் பொறுக்கி வந்து என் தலையில் வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கும்மியில நான் எங்கிட்டுத் திரும்புவேன்? சொல்லுங்க."

அவர் இங்கிட்டுப் பார்த்தார், அங்கிட்டுப் பார்த்தார், பிறகு தன் அம்மாவைப் பார்த்தார்.

ரிப்பன்காரி மேலிருந்த பொறாமை அத்தோடு போயிற்று. அந்த மீசைக்காரன் பெண்டாட்டி மேல் வந்தது மட்டும் இன்றுவரை போகவில்லை.