கோகிலவாணி வாங்கிய ஆம்பளை வாட்ச்

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் கோகிலவாணி சூப்பர்வைசர். கூலிக்குச் சேர்ந்து, முட்டை பொறுக்கி, தீவனம் தள்ளி, படிப்படியாக அந்த இடத்துக்கு வந்தவள். கோழிக்கு எப்போது தீவனம் போடுவது, எப்போது விளக்கு எரிய வேண்டும், எப்போது தண்ணீரை நிறுத்துவது என்று பண்ணையில் எல்லாமே மணிக்கணக்குதான். கொட்டகைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே சுற்றிய போனில் நோய் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே அவளுக்கு மணி என்பது கையில் கட்டியிருக்கும் வாட்ச்தான்.

அந்த வாட்ச்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. லேடீஸ் வாட்ச் என்று கடையில் கொடுப்பதெல்லாம் புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. தீவனத் தூசி உள்ளே போகும். நாளுக்குப் பத்துத் தடவை கிருமிநாசினியில் கை நனைப்பதில் தங்க நிறம் உரிந்து பித்தளை பல்லைக் காட்டும். பேட்டரி போய்விட்டதென்று நாமக்கல் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கொடுத்தால், பின்மூடியை ஒழுங்காக மூட மாட்டார்கள். அடுத்த வாரமே கண்ணாடிக்குள் வேர்த்துக் கிடக்கும்.

ஒரு தடுப்பு மருந்து நாளில் அது மொத்தமாகக் காலை வாரியது. கோழிகளைத் தாகத்தில் வைத்து, பிறகு மருந்து கலந்த தண்ணீரை விட வேண்டும். மருந்தின் வீரியம் போவதற்குள் எல்லாம் குடித்து முடித்தாக வேண்டும். பேட்டரி தீரும் நிலையில் இருந்த வாட்ச் தவழ்ந்து தவழ்ந்து ஓடியதை அவள் கவனிக்கவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தபடியே கடைசிக் கொட்டகைக்குப் போனபோது, மேனேஜர் கௌதமன் எதிரே வந்தான்.

"ஏனுங்க்கா, இன்னும் இங்க தண்ணி திறக்கலீங்களா?"

"நேரம் கெடக்குதுங்களே."

கௌதமன் தன் கையைத் திருப்பிக் காட்டினான். நேரம் எப்போதோ போயிருந்தது. கலந்து வைத்த மருந்தையெல்லாம் கீழே கொட்ட வேண்டியதாயிற்று. வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் அவன் சொன்னான்: "ஒரு வாட்ச் ஒழுங்கா வெச்சுக்க முடியாதுங்களா உங்களால?"

மருந்து போனதைவிட அந்தக் கேள்விதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எத்தனை வாட்ச் வாங்கியிருக்கிறாள் என்று அவனுக்கு என்ன தெரியும்?

மருந்துக் கம்பெனியிலிருந்து வரும் ஒருவர் கையில் பெரிய கறுப்பு வாட்ச் கட்டியிருப்பார். மறுமுறை அவர் வந்தபோது கேட்டாள். "இதுக்குப் பேட்டரி மாத்தற வேலையே இல்லீங்க. வெளிச்சம் பட்டாப் போதும், அதுவே சார்ஜ் ஏத்திக்கும். தண்ணிக்குள்ள போனாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டாள். வாங்கினால் அதுதான்.

முடிவு செய்தது சுலபம். வாங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நாமக்கல்லில் முதல் கடை. "வெளிச்சத்துல ஓடற வாட்ச் வேணுங்க" என்றாள். கடைக்காரர் சிரித்தபடி சுவர்க்கடிகாரம் ஒன்றை எடுத்தார். இல்லை, கைக்கு என்றாள். "கைக்குங்களா?" என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, வளையல் மாதிரி ஒன்று, சங்கிலி மாதிரி ஒன்று, ஓரமெல்லாம் வெள்ளைக்கல் பதித்தது ஒன்று என்று வரிசையாக வைத்தார். ஆம்பளை வாட்ச் காட்டச் சொன்னாள். "அப்படிச் சொல்லுங்க. ஊட்டுக்காரருக்கா?"

"எனக்குங்க."

அவர் கை அப்படியே நின்றது. பிறகு மறுபடி வெள்ளைக்கல் வாட்சை அவள் பக்கம் நகர்த்தி, "இதுதானுங்க உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்றார். கோழிக்கொட்டகையில் யாருக்கு எடுப்பாக இருக்க வேண்டும் என்று கேட்க நினைத்து, கேட்காமல் இறங்கிவிட்டாள்.

மகள் சரிதா திருச்செங்கோட்டில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்தாள். "எதுக்கும்மா அலையறே, நான் போன்ல போட்டுடறேன்" என்றாள். பார்சல் வந்தது. படத்தில் இருந்ததைப் போலவே கறுப்பாக, கனமாக, முகப்பில் கட்டம் கட்டமாகச் சூரியத் தகடும் இருந்தது. பத்து நாள் ஓடி நின்றது. வெயிலில் வைத்தாள், மொட்டைமாடியில் வைத்தாள், அசையவில்லை. கடையில் திறந்து பார்த்தால் உள்ளே சாதாரணப் பேட்டரி. கட்டங்கள் வெறும் அச்சு. சரிதாவுக்குப் போன் செய்தபோது, "அய்யோம்மா, நூறு பேரு நல்லா இருக்குதுன்னு எழுதியிருந்தாங்களே" என்றாள். "அந்த நூறு பேரும் எந்தக் கோழிப்பண்ணைல வேல செஞ்சாங்களாம்?" என்று வைத்துவிட்டாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கே பஸ் ஏறினாள். பெரிய கடை, ஏசி, கழுத்துப்பட்டை கட்டிய பையன்கள். இந்த முறை யாருக்கு என்ற பேச்சே எழாதபடி, வாசலிலேயே, "சோலார் வாட்ச், ஜென்ஸ், எனக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஸ்டீல் பட்டையா ரப்பர் பட்டையா என்று வெகுநேரம் புரட்டினாள். ஸ்டீல் பட்டையின் கணுக்களில் தூசியும் ஈரமும் சேர்ந்து நாறும் என்று அவளுக்குத் தெரியும். ரப்பரே போதும். எண்கள் பெரிதாக இருக்க வேண்டும். விடியலுக்கு முன்னால் விளக்குப் போடப் போகும்போது இருட்டில் முள் தெரிய வேண்டும். கம்பியில் உரசினாலும் கண்ணாடியில் கீறல் விழக் கூடாது.

"தண்ணிக்குள்ள எவ்வளவு தாங்கும்?"

"நீச்சலடிக்கலாம் மேடம்."

"நீச்சல் வேண்டாம் கண்ணு. மருந்துத் தண்ணில கை வெக்கணும்."

அந்தப் பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, தாங்கும் என்று தலையை ஆட்டினான். பிடித்துப்போன வாட்சைக் கட்டிப் பார்த்தால் கடைசி ஓட்டையிலும் தொளதொளவென்று முழங்கை வரை ஓடியது. இன்னும் ஒரு ஓட்டை போட்டுத் தரச் சொன்னாள். "ஜென்ஸ் வாட்ச்ல ஓட்டை போட்டா வாரண்டி வராது மேடம்" என்றான். ஆம்பளைகளில் ஒல்லிக் கைக்காரனே கிடையாதா என்று எரிச்சலாக வந்தது. பில்லைப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு, பழைய பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இரண்டு ஓட்டை போட்டுக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெயில் படும்படி கையை வெளிப்பக்கமாகவே வைத்திருந்தாள்.

மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு விநாடி முள் ஒவ்வொன்றாகப் போகாமல் இரண்டிரண்டாகத் தாவ ஆரம்பித்தது. இதுவும் போலியா? கூட வந்த புத்தகத்தில் எறும்பு எழுத்து. அதைப் படம் பிடித்து அனுப்பினாள். சரிதா படித்துச் சொன்னாள்: "சார்ஜ் கொறைஞ்சா அப்படித்தான் குதிக்குமாம்மா. நீ வெளிச்சத்துல வெக்கறியா?"

அப்போதுதான் உறைத்தது. பண்ணையில் எல்லாப் பெண்களையும் போல அவளும் சேலைக்கு மேலே கணவனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தாள். வாட்ச் நாள் முழுக்க அந்தச் சட்டைக் கைக்குள்தான் கிடந்தது. அன்றிலிருந்து இடது கையை மட்டும் மடித்துவிட்டாள். இப்போது கூண்டைத் தாண்டும்போதெல்லாம் கோழிகள் மின்னுகிற கண்ணாடியை டொக் டொக்கென்று கொத்தின. ஆனாலும் கீறல் விழவில்லை. முள் மறுபடி ஒவ்வொன்றாக நடந்தது. கொஞ்சம் மூச்சு விட்டாள்.

கணவன் சென்றாயன் லாரி டிரைவர். சங்ககிரியில் லோடு ஏற்றி வடநாட்டுப் பக்கம் போனால் வீடு திரும்ப வாரக்கணக்காகும். அவன் வந்த அன்று அவள் குளிக்கப் போயிருந்தாள். வாட்ச் டிவி மேல் இருந்தது. வெளியே வந்து பார்த்தால் அவன் கையில் கட்டிக்கொண்டு, கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவள் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

"ஏ வாணி, சொல்லவே இல்லையே! நெம்ப நல்லா இருக்குது புள்ள."

அது என்னுடையது என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் லாரி ஓனர் போனில் கூப்பிட்டுக் கத்தினார், அவசர லோடாம். அவன் சோற்றை நின்றபடியே சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே மணி பார்த்தான். "இன்னைக்கே கெளம்பறேன், வாரேன்" என்று போய்விட்டான். வாட்சும் போய்விட்டது.

மறுநாள் பழைய புளியங்கொட்டை வாட்சைத் தேடி எடுத்து, புதுப் பேட்டரி போட்டுக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். இரண்டாம் நாள் போன் செய்து சொல்லியே விட்டாள்.

"ஏனுங்க, அந்த வாட்ச் எனக்கு வாங்குனதுங்க."

லாரி சத்தத்துக்கு நடுவே அவன் சிரித்தான். "ஆம்பள வாட்சு புள்ள அது."

"தெரிஞ்சுதான் வாங்குனன். பட்டைல ரெண்டு ஓட்டை எச்சா இருக்கும், பாருங்க. அது என்ற கைக்குப் போட்டது."

சிரிப்பு நின்றது, லைனும் அறுந்தது. டவர் போய்விட்டதா, அவனே வைத்துவிட்டானா தெரியவில்லை.

அவன் திரும்பி வந்தபோது, வாட்சைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து வைத்தான். அது நின்றுபோயிருந்தது. "உன்ன ஏமாத்திப்புட்டாங்க. ஒரு மாசங்கூட ஓடலியே" என்றான்.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"கரி அழுக்கு படக் கூடாதுன்னு டேஷ்போர்டு டப்பாக்குள்ள வெச்சிருந்தன். பொழுதுக்கும் பத்திரமாத்தான் இருந்துச்சு."

இருட்டு டப்பாவுக்குள் வெளிச்ச வாட்ச். கோகிலவாணி கத்தித் தீர்த்துவிட்டாள். நாமக்கல் கடைக்காரரிடம் கேட்காததை, கௌதமனிடம் சொல்லாததை, சேலத்துப் பையனிடம் விழுங்கியதை எல்லாம் சேர்த்து அவன் தலையில் கொட்டினாள். "எனக்குன்னு ஒண்ணு வாங்கறதுக்குள்ள எத்தன பேருக்குப் பதில் சொல்றது? ஊட்டுக்குள்ள இருக்கற நீங்களாவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சென்றாயன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவள் ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னான்: "எனக்குன்னு யாரும் ஒண்ணும் வாங்கித் தந்ததில்ல புள்ள. நீ வாங்கி வெச்சிருக்கறேன்னு நெனச்சதும் கேக்கவே தோணல."

அவளுக்கு இன்னும் எரிச்சலானது. முழுதாகக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறானே இந்த மனுசன்! வாட்சை எடுத்துப் போய்த் தொட்டிச் சுவரில் வெயிலில் வைத்தாள். மத்தியானத்துக்குள் முள் அசைந்தது. சாயங்காலம் நேரத்தைத் திருத்தி, தன் ஓட்டையில் பூட்டிக் கட்டிக்கொண்டாள். இந்த முறை குளிக்கும்போதும் கழற்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவன் தங்கை மகன் ஆனந்தகுமாருக்கு ராசிபுரத்தில் கல்யாணம். சென்றாயன் வேட்டி கட்டி, தலை சீவி, வாசலில் தயங்கித் தயங்கி நின்றான்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அதைக் கட்டிக்கட்டுமா? ஒறம்பரை எல்லாம் வருவாங்க."

அன்று அவன் டிவி முன்னால் நின்று சிரித்தது அவளுக்கு நினைவு வந்தது. கொடுத்துவிடலாம் என்று கூடத் தோன்றியது. ஆனால் வாய் தானாக, "இல்லீங்க, தர மாட்டன். உங்களுக்கு வேணும்னா அடுத்த வாரம் சேலம் போலாம், நீங்களே பாத்து எடுங்க" என்றது. அவனுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் "செரி" என்று வண்டியை எடுத்தான்.

பட்டுச்சேலைக்கு ஒரு கையில் வளையல், மறு கையில் கறுப்பு ரப்பர் வாட்ச். மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவன் பெரியம்மா குப்பாயி கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏஞ்சாமி, ஊட்டுக்காரன் வாட்ச இவ கட்டியிருக்கறா?"

"இல்லீங்க, என்னோடது."

அடுத்து நாத்தனார் கேட்டாள். பிறகு பெண் வீட்டார் யாரோ. பந்தியில் பக்கத்து இலைக்காரி ரசம் ஊற்றும்போது கேட்டாள். ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொன்னாள். எதிர் வரிசையில் வெறுங்கையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த சென்றாயன் ஒவ்வொரு தடவையும் இலையையே பார்த்தான். பாயசம் வருவதற்குள் கோகிலவாணிக்குச் சலித்துப்போயிற்று. அடுத்து ஒருத்தி அவள் கையைப் பார்த்து வாயெடுக்கும் முன்பே, "என்னோடதுங்க, நானே வாங்குனது" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள்.